வெள்ளித் தரைக்கு ஒரு ஜமுக்காளம்

மாமா எழுந்து வாசல் பக்கம் திரும்பியபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அவருடைய வெள்ளை வேட்டியின் பின்பக்கத்தில், உட்கார்ந்திருந்த இடம் முழுக்க, ஈயம் பூசிய பாத்திரம் மாதிரி ஒரு பளபளப்பு. கையால் தட்டினார். அது இன்னும் பரவியது. அம்மாவின் தம்பி அவர். எங்கள் வீட்டில் எதையும் கேலி பேச உரிமை உள்ளவர்.

"மாப்பிள்ள வீட்டுக்காரவுகளையும் இப்பிடித்தேன் வெள்ளி முலாம் பூசி அனுப்பப் போறீகளா?"

அப்பாவுக்கு நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து சலிக்கிற வேலை. அலுமினியப் பொடி அவர் உடம்போடு வீட்டுக்கு வரும். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் கால் வெடிப்பில் கொஞ்சம் தங்கிவிடும். திருத்தங்கலில் இருந்த எங்கள் வீட்டின் சிமெண்டுத் தரை வருஷக்கணக்காக அதைக் குடித்துக் குடித்து மினுங்கத் தொடங்கியிருந்தது. நாங்கள் அதைக் கவனிப்பதையே விட்டிருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க விருதுநகரிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளை அங்கே ஒரு மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் கணக்கு எழுதுபவர். அதற்கு முன் வந்த ஒரு இடம், எங்களுடையது மருந்து வீடு என்று தெரிந்ததும் காப்பியைக்கூடத் தொடாமல் கிளம்பிப் போயிருந்தது. அதனால் இவர்களிடம் மாமா, அப்பா கம்பெனியில் இருக்கிறார் என்பதோடு நிறுத்தியிருந்தார். கம்பெனியில் என்னவாக என்று அவர்களும் கேட்கவில்லை. தரை அதைச் சொல்லிவிடக் கூடாது. கூடம் முழுக்க மூடுகிற மாதிரி ஒரு ஜமுக்காளம் வேண்டும்.

வாங்கி வருகிற பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். விருதுநகரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன், தினமும் ரயிலில் போய்வருகிறவன். போதாக்குறைக்கு கெமிஸ்ட்ரி மாணவன். சாயத்தைப் பற்றி எனக்குத் தெரியாததை ஜவுளிக்கடைக்காரர் சொல்லிவிடப் போகிறாரா என்கிற நினைப்பு.

பஜாரில் முதல் கடைக்காரர் சிவப்பும் பச்சையும் பட்டை போட்ட ஒன்றை விசிறி விரித்தார். பவானியிலிருந்து நேராக வந்தது என்றார். அவர் அதைச் சொன்ன வேகமே எனக்குப் பிடிக்கவில்லை. சாயம் போகுமா என்று கேட்டேன். போகவே போகாது, வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்றார். கேட்காமலே எழுதித் தர வருகிறவரை எப்படி நம்புவது? கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, அவர் பார்க்கப் பார்க்கவே சிவப்புப் பட்டையில் அழுத்தித் தேய்த்தேன். கைக்குட்டை ரோஸ் நிறமானது. புதுசுன்னா முதல் தண்ணிக்கு அப்படித்தான் இருக்கும் தம்பி என்று அவர் நிதானமாக மடித்து வைத்தார்.

அடுத்த கடையிலும் அதே கதை. அதற்கடுத்த கடையில் நான் கைக்குட்டையை எடுக்கும்போதே பச்சைப் பட்டைப் பக்கத்தை என் முன்னால் நகர்த்தினார்கள். முதல் கடையிலிருந்து ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினேன். வெள்ளியைத் தவிர்க்கப் போய் மாப்பிள்ளையின் அப்பாவுடைய வேட்டியில் சிவப்பு ஏறினால் அதைவிட மோசம்.

ஸ்டேஷனுக்குத் திரும்பும் வழியில் ஒரு பழைய சாமான் கடை. நாற்காலிகளுக்குப் பின்னால் சுருட்டி வைத்த ஒரு பெரிய ஜமுக்காளம். அதைப் பார்த்ததும் மூளை வேலை செய்தது: பழையது என்றால் போக வேண்டிய சாயமெல்லாம் ஏற்கெனவே போயிருக்கும். நனைத்துத் தேய்த்தேன். கைக்குட்டையில் மிச்சமிருந்த வெள்ளை மூலை வெளுப்பாகவே இருந்தது.

ஆனால் வேறொரு சந்தேகம் இருந்தது. துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், விரித்த ஜமுக்காளத்தை எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குக் கொண்டுவர மாட்டார்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்தேன். யார் வீடு, ஏன் விற்றார்கள், ஊதுவத்தி சுட்ட ஓட்டை ஏன் இல்லை என்றுகூடக் கேட்டேன். "கல்யாண வீட்டுச் சரக்கு தம்பி" என்பதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. மூலையில் கறுப்பு மையில் வட்டத்துக்குள் ஒரு முக்கோணம் இருந்தது. சலவைக் குறி என்று நானே கண்டுபிடித்துக்கொண்டேன். ஒழுங்காக வெளுக்கப் போட்டிருக்கிறார்கள், நல்ல குடும்பம்தான். முகர்ந்தும் பார்த்தேன். விருதுநகர் வாசனைதான் அடித்தது. அந்த ஊரில் எதை முகர்ந்தாலும் அந்த வாசனைதான்.

ரயிலில் எதிரே இருந்தவர் தும்மினார். அவர் மனைவியும் தும்மினாள். குடும்பத்தோடு சளி பிடித்திருக்கிறது என்று நினைத்து, அவர்கள் பக்கம் படாமல் ஜமுக்காளத்தை என் மடிக்கு இழுத்துக்கொண்டேன்.

வீட்டில் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உதறினோம். அடுத்த கணம் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். எனக்குத் தொண்டை எரிந்தது. அக்கா கண்ணைக் கசக்கிவிட்டாள், அது பெரிய தப்பு. கண் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டன. வத்தல் நெடி. இழைக்கு இழை ஏறி உட்கார்ந்திருந்தது. ஊரே அந்த வாசனையாக இருந்த இடத்தில் என் மூக்கு அதைத் தனியாகப் பிரித்து அறியவில்லை.

கிணற்றடியில் போட்டு மிதித்து அலசினோம். காய்ந்ததும் மறுபடி தும்மினோம். வியாழக்கிழமை வந்த மாமா கொடியில் கிடந்ததைப் பார்த்தார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் மூலையைப் புரட்டி அந்தக் குறியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, இது மாப்பிள்ள கணக்கு எழுதுற கடையில வத்தல் மூட்டைக்குப் போடுற மார்க்குலே. தரகருங்க துண்டுக்குள்ள கையவிட்டு வெல பேசுவாகள்ல, அப்ப கீழ விரிக்கிறது இது. மாப்பிள்ளைக்கு அப்பனும் அங்க தரகருதேன், இதுலதான் தினம் உக்காந்து எந்திரிச்சிருக்காரு."

அவர்கள் வேண்டாமென்று கழித்ததை அவர்களுக்கே விரிக்க இருந்தோம். பழைய சாமான்காரர் என்னை ஏமாற்றினாரா, என் குறுக்கு விசாரணையிலேயே அலுத்துப்போய் வாய்க்கு வந்ததைச் சொன்னாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தீரவில்லை. அப்பா மட்டும் அசரவில்லை. விரித்துப் போடு, அவர்களுக்குக் கடையிலேயே இருக்கிற மாதிரி இருக்கும், தும்மவும் மாட்டார்கள் என்றார். அம்மா அவரை முறைத்தாள். பக்கத்து வீட்டில் ஏதாவது இரவல் கேட்கலாம் என்று பேச்சு போனது. அக்கா ஈரத்துணியைக் கண்ணிலிருந்து எடுத்தாள். சீசனில் அவளும் அதே கம்பெனிக்குப் பட்டாசைப் பெட்டியில் அடுக்கப் போகிறவள்.

"தரைய மூடிருவீக. என் காலை எதவச்சு மூடுவீக?"

காலை நீட்டிக் காட்டினாள். குதிகால் வெடிப்புகள் மினுங்கின. ஏற்கெனவே ஒருமுறை எழுந்து போனவர்களைப் பார்த்தாயிற்று, கட்டிக்கொண்டு போன பிறகு முகம் சுளிக்கிறவர்களை என்னால் பார்க்க முடியாது என்றாள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்; வருகிறவர்கள் வரட்டும் என்று முடித்தாள்.

யார் போய்ச் சொல்வது? மறைத்து வைத்தவர் மாமா, அவர் தலையைச் சொறிந்தார். அப்பாவுக்கு விடிந்தால் லோடு ஏற்றுகிற வேலை, கம்பெனியில் மத்தியானம் வரை விட மாட்டார்கள். நான் போகிறேன் என்றேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ரயிலில் ஏறி உட்கார்ந்தேன். பையில் எதுவும் இல்லை. மாப்பிள்ளையின் அப்பாவிடம் போகாமல் மாப்பிள்ளையையே பிடிப்பது. எங்கள் அப்பா மருந்து சலிக்கிறவர், அக்காவும் சீசனில் அதே பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள், எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்தால் வேட்டியில் ஒட்டும், இதெல்லாம் தெரிந்து வருவதானால் வாருங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது. இப்படித்தான் திட்டம். ஆனால் அவர்களையும் சும்மா விடுவதாக இல்லை. உள்ளே வந்து உட்காருங்கள் என்று அவர்கள் எதையாவது விரித்தால், உட்காருவதற்கு முன்னால் அதன் ஓரத்தைத் தூக்கி, அடியில் எப்படிப்பட்ட தரை இருக்கிறது என்று ஒரு பார்வை பார்த்துவிடுவது.