மணியடித்த பிறகு ஆடும் ஆட்டம்

செஸ் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைப் படித்தால் நம்மைப் போலச் சும்மா ஆடுகிறவர்களுக்கு முன்னேற்றம் வருமா என்று இங்கே கொழும்பில், எங்கள் விடுதிப் பொடியன்கள் சனிக்கிழமை தவறாமல் சண்டை பிடிக்கிறார்கள். வரும் என்கிறான் ஒருவன். அதுவரை உயிரோடு இருந்தால்தானே என்கிறான் மற்றவன். இரண்டு பேருக்கும் ஒரு மண்ணும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் மன்னாரில் ஆடியவன்.

மன்னார்ப் பட்டினத்து வாசிகசாலையில் ஒரேயொரு செஸ் பெட்டிதான் முதலில் இருந்தது. மாற்றலாகிப் போன ஒரு வெள்ளைக்காரத் துரை விட்டுப் போனது. பிறகு தச்சரைப் பிடித்து இன்னும் மூன்று செய்வித்தார்கள். பின்னேரங்களில் கந்தோர் ஆட்கள், கடைக்காரர், படிப்பு முடித்து வேலை கிடைக்காத என்னைப் போன்றவர்கள் எல்லாரும் அங்கேதான். ஜன்னலால் கடற்காற்று வரும். கருவாட்டு மணமும் கூடவே வரும். எனக்கு இன்றைக்கும் செஸ் என்றால் அந்த மணம்தான்.

எங்கள் வாசிகசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. பொழுது படும்போது மாதா கோயிலில் திரிகாலச் செப மணி அடிக்கும். கொஞ்சம் முன்னே பின்னே பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு கேட்கும். கேட்டதும் எல்லாரும் பலகையில் இருந்து கையை எடுத்துவிட வேண்டும். நாங்கள் எழுந்து சிலுவை போட்டுச் செபம் சொல்வோம், முஸ்லிம் ஆட்கள் தொழப் போவார்கள். ஆட்டம் முடியாவிட்டால் காயை எண்ணுவது. ஆருக்குக் காய் கூடவோ அவர் வென்றார். விஷயம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

இதன் விளைவு என்ன? வெயில் மஞ்சளாகத் தொடங்கியதும் மன்னாரில் ராசாவைப் பிடிக்க ஒருவரும் போகமாட்டார்கள். காலாளைத் தின்னப் போவார்கள். ராணியையே ஒரு காலாளுக்காக மூலைக்கு அனுப்புகிற பெரிய மனிசரை எல்லாம் நான் கண்டிருக்கிறேன். கடைசிக் கட்டம் என்ற ஒன்று செஸ்ஸில் இருப்பதே எங்களுக்குத் தெரியாது. பொழுது பட்டால் அது இல்லை, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தார் வந்தபோதுதான் மானம் போனது. வருசத்துக்கு ஒருமுறை நான்கு மேசைப் போட்டி. மணி அடித்ததும் எங்கள் நால்வரும் எழுந்தார்கள், செபத்தையும் தொழுகையையும் முடித்து வந்து காயை எண்ணத் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தார் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். "என்ன ஐயா, மீனே எண்ணுறியள்? லாம்பைக் கொண்டு வாங்கோ" என்றார் அவர்களில் ஒருவர். லாம்பு வந்தது. நான்கு மேசையும் தோற்றோம்.

அன்றைக்கு நான் முடிவெடுத்தேன். படித்த கல்லூரியின் நூலகத்தில் கெஞ்சி ஒரு ஆங்கிலப் புத்தகம் எடுத்து வந்தேன். அதன் கடைசிப் பகுதியில் தாள்களின் ஓரம் இன்னும் வெட்டப்படாமலே ஒட்டிக் கிடந்தது. அதாவது, எனக்கு முதல் ஒருவரும் அதுவரை போகவில்லை. மேசைக் கத்தியால் வெட்டி வெட்டிப் படித்தேன். இரண்டு ராசா, ஒரு காலாள். ராசாவும் ராசாவும் நடுவில் ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேர் நிற்கும்போது ஆர் நகர வேண்டி வருகிறதோ அவர் வழி விட வேண்டும். இந்த ஒன்றைத்தான் மாதக் கணக்காக உருட்டினேன்.

பலன்? ஒன்றுமில்லை. இன்னும் மோசமாகத் தோற்றேன். கடைசிக் கட்டத்துக்குப் போகிற அவசரத்தில் எல்லாக் காயையும் மாற்றித் தள்ளினேன், மணி அடித்தது, எண்ணினார்கள், தோற்றேன்.

அதிகம் தோற்றது என் கூட்டாளியிடம். பக்கத்து எருக்கலம்பிட்டி ஊர்க்காரன், பட்டினத்தில் அவனுடைய வாப்பாவுக்குப் புடவைக்கடை. புத்தகம் தொட்டதில்லை. ஆனால் முதல் பத்து நகர்த்தலுக்குள் ஆளைக் கட்டிப் போட்டுவிடுவான். அடுத்த போட்டிக்கு மூன்று பேர் தெரிவாகி, நான்காவது மேசைக்கு நானும் அவனும் மிஞ்சினோம். இரண்டு ஆட்டம், வெல்பவன் யாழ்ப்பாணத்தாரோடு ஆட உட்காரலாம். எனக்கு அந்தக் கதிரை வேண்டும். வேலையில்லாமல் வீட்டில் சாப்பிடுகிறவனுக்கு ஊரில் ஒரு கதிரையாவது வேண்டாமா? அவனுக்கும் அது வேண்டும். கடையில் துணி கிழிக்கிறவன் என்றுதானே எல்லாரும் அவனைப் பார்த்தார்கள்.

வாசிகசாலைச் செயலாளர் தபால் கந்தோர் ஆள். முன்கூட்டியே சொன்னார்: "தம்பிமார், இந்த முறை எண்ணுறேல்லை. மணி அடிச்சால் போய்க் கும்பிட்டிட்டு வந்து இருங்கோ. முடியுமட்டும் விளையாட்டு."

முதல் ஆட்டத்தில் அவன் கடைக்கு ஓடுகிற அவசரத்தில் ராணியைச் சும்மா தந்தான். வென்றேன். இரண்டாவதில் எனக்குச் சமன் போதும்.

ஆனால் சமனுக்கே வழி தெரியவில்லை. பின்னேரம் முழுக்க என்னைப் போட்டு உரித்தான். கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு காலாள். வெயில் சரிந்து பலகையில் மஞ்சளாக விழுந்தது. அவன் கண் ஜன்னலுக்குப் போனதைக் கண்டேன். யானையால் என் கடைசிக் காலாளைத் தின்றான். அடுத்த நகர்த்தலில் யானைக்கு யானை மாற்றக் கேட்டான்.  அந்த யானையை அவன் வைத்திருந்தால் நான் துலைந்தேன். மாற்றினேன்.

மணி அடித்தது. அவன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான்.

"எனக்கு ஒண்டு கூடுதல்! வெண்டன் மச்சான்."

"இரும் தம்பி," என்றார் செயலாளர். "என்ன சொன்னனான்?"

அவன் முகம் மாறியதை இப்போதும் மறக்கவில்லை. எத்தனை வருசப் பழக்கம், கை தன்பாட்டில் செய்துவிட்டது. பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொழப் போனான்.

அவன் திரும்பி வரும்போது லாம்பு எரிந்தது. என் ராசா அவனுடைய காலாளுக்கு நேர் முன்னால். அவன் ராசா வந்தால் நான் நேருக்கு நேர் நிற்பேன், காலாள் தள்ளினால் ஒரு அடி பின்வாங்குவேன்.

"என்னடா, என்ர நிழலோ நீ? ஒரு பக்கம் போவன்!"

"நீ போ. நான் பின்னால வாறன்."

கடைசியில் என் ராசாவை அடைத்தான். செக் இல்லை, நகர இடமும் இல்லை. "சமன்" என்றார் செயலாளர். கதிரை எனக்கு. அவன் காயைக்கூட அடுக்காமல் போனான்.

அடுத்த கிழமைகளில் வீதியில் கண்டாலும் அவன் கதைக்கவில்லை. போட்டி வந்தது. நான்காவது மேசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். யாழ்ப்பாணத்து ஆள் தேத்தண்ணி வர முதல் என்னை முடித்துவிட்டார். பட்டப் பகல், காய்களில் பாதி பெட்டியில் இருந்து எடுத்து வைத்தபடியே நின்றன. பின்னால் ஒரு வெடிச் சிரிப்பு. அவன்தான்.

"அல்லாவே! உன்ர ராசா நடக்க முதலே மௌத்தாப் போனான்! உனக்குத் தொடக்கம் தெரியாது, எனக்கு முடிவு தெரியாது. ரெண்டையும் வெட்டித் தைச்சால் ஒரு ஆள் வரும்டா."

"ஏலுமெண்டால் தையன்" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த பின்னேரங்கள்தான் எனக்கு மன்னார். கடை பூட்டியதும் கீரிக் கடற்கரைக்குச் சைக்கிளில் போவோம். அவன் தொடக்கத்தில் என்னை அடிப்பான், நான் இரண்டு ராசாவையும் ஒரு காலாளையும் வைத்து அவனை அலைக்கழிப்பேன். காற்று பலகையில் மணலைக் கொட்டும். ஊதிவிட்டு ஆடுவோம். கடைசிக் கட்டம் தெரிந்தால் நடு ஆட்டத்தில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று கண் தெளிகிறது. அதை நான் புத்தகத்தில் அல்ல, அவன் திருந்தியதில்தான் கண்டேன். மணியடிக்கிற நேரத்தில் காலாள் தின்பதை விட்டான். ராசாவை வெளியே நடத்தினான்.

எனக்கு வேலை கிடைத்துக் கொழும்புக்கு வந்தேன். அடுத்த போட்டியில் நான்காவது கதிரை அவனுக்கு. போன மாதம் கடைக்குச் சாமான் எடுக்க வந்தவன், புறக்கோட்டையில் கட்டைவண்டிகளுக்கு நடுவில் என்னைப் பிடித்து நிறுத்தினான்.

"வெண்டனான் மச்சான்! லாம்பு வைச்ச பிறகு, ஒரு காலாளால."

"தொடக்கம் என்ன விளையாடினனி?"

"அது ஆருக்கு நினைவிருக்கு? ராசா நடந்ததைக் கேள், ஒவ்வொரு கட்டமாச் சொல்லுறன்" என்றான். சொன்னான். வண்டிக்காரர் ஏசினார்கள், நாங்கள் நகரவில்லை.