ஓடாத இன்ஜினைப் பார்க்க வந்த நாள்

பிள்ளைகளா, நீங்கள் நான் வேலை பார்க்கும் ருவைஸ் யார்டுக்கு வந்து போனதைப் பற்றி நான் உங்களிடம் சரியாகப் பேசவே இல்லை. போனில் ஆரம்பித்தால் அம்மா நடுவில் வாங்கிக்கொள்கிறாள், நீங்களும் "சரிப்பா, சரிப்பா" என்று ஓடிவிடுகிறீர்கள். அதனால் எழுதுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் அக்கா திருத்திக்கொள்ளட்டும்.

அந்த டீசல் இன்ஜின் வேறொரு நாட்டில் ஓடிக் களைத்து, எங்கள் கம்பெனி வாங்கி, கப்பலில் வந்தது. வயதில் என்னைவிட மூத்தது. "புதுசு வாங்கக் காசு இல்லையாப்பா?" என்று தம்பி கேட்டான். காசு இருக்கிறது. தூரம் போகிற ரயில்களுக்குப் புது இன்ஜின்கள்தான். யார்டுக்குள் வேகன்களை இழுத்து, தள்ளி, வரிசையாகக் கோப்பதற்கு இது போதும். கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது, எங்களாலேயே பிரித்துப் பூட்டிவிட முடியும். வந்தபோது அதன் ரப்பர் குழாய்கள் தொட்டால் முறுக்கு மாதிரி நொறுங்கின. எல்லாவற்றையும் மாற்றினோம். முதல் தடவை ஓடியபோது போனில் உங்களுக்குக் கேட்கவைத்தேன். தம்பி அந்தச் சத்தத்தை வாயால் போட்டுக்காட்டிப் பள்ளிக்கூடத்தையே ஒரு வழி பண்ணியதாக அம்மா சொன்னாள்.

பிறகு ஒரு பாகம் வரவில்லை என்று இன்ஜின் வெகுநாள் சும்மா நின்றது. அந்தச் சமயத்தில்தான் நீங்கள் விசிட் விசாவில் அபுதாபி சித்தப்பா வீட்டுக்கு வந்தீர்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை மட்டும் குடும்பத்தைக் கூட்டி வரலாம் என்று கம்பெனியில் அனுமதி கொடுத்தார்கள். அதற்குள் பாகமும் வந்துவிட்டது. ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பெரிய ஹெல்மெட் கண்ணை மறைக்க, தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நீங்கள் நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

நின்றிருந்த இன்ஜினை நாங்கள் எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் பண்ண மாட்டோம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு சின்ன வால்வு உண்டு. எல்லாவற்றையும் திறந்துவிட்டு, டீசல் கொடுக்காமல் இன்ஜினை மெல்லச் சுற்றவிடுவோம். உள்ளே ஏதாவது தேங்கியிருந்தால் வெளியே பீய்ச்சும். ஊசி போடும் சிரிஞ்சில் தண்ணீரை அடைத்து, முனையை விரலால் மூடிக்கொண்டு அழுத்திப் பாருங்கள், அழுந்தாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தாலும் அப்படித்தான். அழுந்தாத தண்ணீரோடு மோதி உள்ளேயிருக்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். அதோடு இன்ஜின் கதை முடிந்தது.

அன்று ஒரு வால்வில் மட்டும் இரண்டு மூன்று துளி தெறித்தது. ரேடியேட்டர் தண்ணீரில் துருப்பிடிக்காமலிருக்க மருந்து கலப்போம், அது ரோஸ் நிறம். தெறித்தது எண்ணெய்க் கரியோடு கலந்து கறுப்பாக இருந்தது. ரேடியேட்டர் தண்ணீரா, வெறும் ஈரமா என்று தெரியவில்லை.

என்னோடு வேலை பார்க்கும் பாகிஸ்தான்காரர் சிரித்தார். "அரே பாய், பசீனா ஹை, பசீனா! பச்சே கடே ஹைன், யல்லா, சலாவ்!" இன்ஜினுக்கு வியர்த்திருக்கிறது, பிள்ளைகள் நிற்கிறார்கள், ஓட்டு என்கிறார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. இந்தக் கடல்காற்றில் காலையில் எல்லா இரும்பும் வியர்த்துத்தான் நிற்கும்.

சூப்பர்வைசர் என்னைப் பார்த்தார். "நீங்க ஓகேன்னா ஓகே அண்ணே."

அம்மா கோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "ஏங்க, ஒரே ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன், புள்ளைக மூஞ்சியப் பாருங்க" என்றாள்.

பார்த்தேன். பார்த்துவிட்டு, "கலாஸ், அவ்வளவுதான், இன்னைக்கு வேணாம்" என்றேன்.

தம்பி அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "அது உங்க இன்ஜினே இல்ல. சும்மா சொல்லிருக்கீங்க" என்றான். "வாய மூடுடா, ரிப்பேர்னு சொல்றாங்கல்ல" என்று அக்கா அவன் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். ஆனால் அவளும் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரம் முடிந்துவிட்டது, அடுத்த குடும்பம் காத்திருந்தது. சித்தப்பாவின் காரில் நீங்கள் ஏறினீர்கள். கண்ணாடி வழியே கை காட்டினீர்கள், நானும் காட்டினேன்.

மற்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் போகவில்லை. ஒருவேளை அது வெறும் வியர்வைதானோ? அப்படியென்றால் ஒன்றுமில்லாததற்காகப் பிள்ளைகளை ஏமாற்றி அனுப்பிவிட்டேனே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

திரும்பி இன்ஜினுக்குப் போனேன். பேட்டரி சுவிட்சை அணைத்துவிட்டு, அந்த வால்வின் வாயைத் துடைத்து, ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்துக் கட்டினேன். கம்பியைப் போட்டுக் கையாலேயே இன்ஜினைத் திருப்பினேன். அசையவே யோசித்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிவந்தது. அந்தச் சிலிண்டரின் முறை வந்தபோது துணி நனைந்தது.

அவிழ்த்து வெளிச்சத்தில் பிடித்தேன். ரோஸ் நிறம். உள்ளே எங்கோ கசிகிறது, சந்தேகமே இல்லை. நம் இன்ஜினில் கோளாறு என்று தெரிந்து ஒருவன் சந்தோஷப்படுவானா? நான் பட்டேன். அங்கேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து, நெற்றி வியர்வையை அதே துணியால் துடைத்துக்கொண்டேன்.