நாலாம் பெட்டியின் தகப்பன்

2023 ஜூன் மாதக் கடைசிச் சனிக்கிழமை காலையில் அலெக்சாந்த்ரா ஐதராபாத்திலுள்ள பரிசோதனைக் கூடத்துக்குப் புறப்பட்டாள். தோளில் ஒரு பை, கையில் ஒரு ஐஸ் பெட்டி. பெட்டிக்குள் முப்பத்தொரு குண்டுகரிச்சான் குஞ்சுகளின் ரத்தம், அவற்றை வளர்த்த பெரிய பறவைகளின் ரத்தம், தலைக்கு ஒரு சொட்டு. அவளை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டவர் கிளமான்.

"தோந்தோன், நோட்டைக் குடுங்க," என்றாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பெண். மாமா முறையானவர்களை அப்படித்தான் கூப்பிடுவாள்.

கிளமான் ஒரு ஜெராக்ஸ் கட்டை நீட்டினார். "அசல் ஆபீசை விட்டு வெளிய போவாது. நகல்தான்."

"குருவி பாக்கறது ஆபீசா?"

"எழுதறவன் நான்தானே. அப்ப ஆபீசுதான்."

முப்பத்துநாலு வருடம் அவர் பிறப்புப் பதிவேடு எழுதியவர். ஓய்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. லாஸ்பேட்டைக் கல்லூரி வளாகத்து மரங்களில் அலெக்சாந்த்ரா தன் பறவை ஆராய்ச்சிக்காகப் பன்னிரண்டு கூட்டுப் பெட்டிகள் தொங்கவிட்டபோது, விடிகாலையில் வந்து பார்க்க ஆள் தேடினாள். வேலைக்குப் போகும் வழிதானே என்று இவர் ஒப்புக்கொண்டார். பெரிய பறவைகளின் காலிலும், பறக்கப்போகும் குஞ்சுகளின் காலிலும் அவள் வண்ண வளையம் மாட்டினாள். இவர் நோட்டில் கட்டம் போட்டார்: பெட்டி எண், தாய், தகப்பன், முட்டை, பொரிந்த நாள். பதிவேட்டில் எழுதும் அதே சாய்ந்த கையெழுத்து.

தகப்பனை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர் யோசித்ததே இல்லை. அலுவலகத்தில் எப்படியோ அப்படித்தான் இங்கேயும். தாயின் வீட்டுக்காரர் என்று யார் வந்து நிற்கிறாரோ, யார் கையெழுத்துப் போடுகிறாரோ, அவர் பெயர்தான் தகப்பன் கட்டத்தில் ஏறும். குருவிக்குக் கையெழுத்து இல்லை, புழு உண்டு. புழுவோடு பெட்டிக்கு வருகிறவன் தகப்பன்.

அப்படி வந்தவர்களில் அவருக்கு நெருங்கியது நாலாம் பெட்டி ஆண். நீல வளையம். இருட்டு பிரியும் முன்பே வேப்ப மர உச்சியில் ஏறி வாலைத் தூக்கிப் பாடத் தொடங்குவான். குஞ்சு பொரிந்த பிறகு பாட்டு குறைந்து உழைப்பு கூடியது. ஒரு மணி நேரத்தில் பதினாறு தடவை புழு கொண்டுவந்ததைக் கிளமான் எண்ணியிருக்கிறார். பிரெஞ்சுப் படையில் கப்பொராலாக இருந்து ஓய்வு பெற்ற தன் அப்பாவின் விறைப்பு அதனிடம் இருந்தது. அதனால் அதற்குக் கப்பொரால் என்றே பெயர் வைத்தார்.

ஜனவரியில் அலெக்சாந்த்ரா போன் செய்தாள்.

"ரிசல்ட் வந்துடுச்சு. முப்பத்தொண்ணுல ஒம்பது குஞ்சுக்கு, நீங்க எழுதின ஆம்பள தகப்பன் இல்ல."

"என்னம்மா சொல்ற? கண்ணால பாத்தேன்!"

"நீங்க பாத்தது ஊட்டினதை, தோந்தோன்."

"நம்ம கப்பொரால்?"

"அவன் பெட்டில மூணு குஞ்சுமே அவனோடது இல்ல. ரெண்டு, அஞ்சாம் பெட்டிக்காரனோடது. ஒண்ணு யாரோடதுன்னே தெரியல. பாடற குருவிங்கள்ல இது சகஜம். ஜோடியாதான் இருக்கும், சேந்துதான் வளக்கும். முட்டை வைக்கற நேரத்துல பொட்ட அக்கம்பக்கம் போய் வரும், இல்ல பக்கத்து ஆம்பள இங்க வரும்."

"அவனுக்குத் தெரியுமா?"

"யாருக்கு?"

"கப்பொராலுக்கு."

"தெரியாதுன்னுதான் நெனைக்கிறோம். அந்தத் தகப்பன் கட்டத்தை மட்டும் அடிச்சிட்டு அனுப்புங்க."

"பதிவுல எதையும் அடிக்கக் கூடாது," என்று சொல்லி வைத்துவிட்டார். முப்பத்துநாலு வருடத்தில் எத்தனை ஆயிரம் கட்டங்கள் நிரப்பியிருப்பார்?

"குருவிக்குக் குடும்பக் கோர்ட்டா?" என்றாள் மனைவி ஜொசியான். "விடுங்க. அஞ்சாம் பெட்டிக்காரன் மேல கேசு போட்டுடலாம்."

அவர் சிரிக்கவில்லை.

அதே வாரம் அப்பாவின் ஓய்வூதியத்துக்கான உயிர்ச்சான்றுத் தாள் பிரான்சிலிருந்து வந்தது. கப்பொரால் தொமினிக், வயது எண்பத்தைந்து, உயிரோடு இருக்கிறார் என்று ஆண்டுக்கொரு முறை எழுதி அனுப்ப வேண்டும். இருபது வருடமாகக் கிளமான்தான் நிரப்புகிறார். அப்பாவின் ராணுவச் சேவைப் புத்தகத்தைத் திறந்து வைத்து அப்படியே பார்த்து எழுதுவார். பழகிய தாளை யாரும் படிப்பதில்லை. நகல் எடுப்பதோடு சரி.

அன்று படித்தார். ஜிபூத்தி, 1962 பிப்ரவரி முதல் 1964 அக்டோபர் வரை. விடுப்பு என்ற பக்கத்தில் ஒன்றுமில்லை.

கிளமான் பிறந்தது 1963 ஆகஸ்ட். அந்தத் தேதியை வைத்துத்தான் ஐந்து மாதம் முன்பு மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். விரலை மடக்கி எண்ணினார். மறுபடி எண்ணினார். தாளை நிரப்பாமலே புத்தகத்தை மூடினார்.

மூன்று நாள் அப்பா முகத்தைப் பார்க்காமல் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனார். நாலாம் நாள் தொமினிக்கே கேட்டார்.

"என்னடா, தட்டை வெக்கிற, ஆளைக் காணோம்?"

"பப்பா, நீங்க ஜிபூத்திலேர்ந்து எப்ப வந்தீங்க?"

"அறுவத்திநாலு. கல்லறைத் திருநாளுக்கு மறுநாள்."

"நான் பொறந்தது அறுவத்திமூணு."

"தெரியும். நான் வரச்ச ஓடிக்கிட்டிருந்த. என் மீசையைப் பாத்துட்டு அலறின பாரு, தெருவே கூடிடுச்சு."

"நடுவுல லீவுல வந்தீங்களா?"

"கப்பல்ல வந்து போவறதுக்கே ஒரு மாசம். எவன் குடுப்பான் லீவு?"

தொமினிக் சோற்றைப் பிசைந்தார். பிசைந்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"குருவிக் கதையை ஜொசியான் சொன்னா. ஊரான் தேதியெல்லாம் முப்பது வருசம் எழுதின. சொந்தத் தேதியைக் கூட்டிப் பாக்க உனக்கு ஒரு குருவி வந்து சொல்லணுமா?"

"உங்களுக்கு... அப்பவே தெரியுமா?"

"கப்பொராலுக்குக் கூட்டல் தெரியாதா? உங்கம்மா மறைக்கல. நடந்தது நடந்துடுச்சு, என்னை வெச்சுக்கறதும் தள்ளறதும் உங்க இஷ்டம், புள்ளைக்கு ஒரு பேரு மட்டும் சொல்லுங்கன்னு கடுதாசி போட்டா. ரெண்டு நாள் நான் சாப்பிடல. மூணாம் நாள் தந்தி குடுத்தேன். ஒரே வார்த்தை. ஃபினி, அதோட முடிஞ்சுது."

"என்ன வார்த்தை?"

"உன் பேருதான்டா."

கிளமான் என்றால் பிரெஞ்சில் இரக்கமுள்ளவன், தண்டிக்காமல் விடுகிறவன். பள்ளியிலேயே அவருக்குத் தெரிந்த அர்த்தம்தான். அம்மாவின் கடிதத்துக்கு வந்த பதிலைத்தான் அறுபது வருடம் தன் பெயராகச் சுமந்திருந்தார்.

"யாருன்னு..."

"நான் கேக்கல. உனக்குக் கேக்கணும்னா உங்கம்மா இருக்கச்சயே கேட்டிருக்கணும். மீன் முள்ளு ஜாஸ்தி இருக்கு. எடுத்துக் குடு, கண்ணு தெரியல."

கிளமான் உட்கார்ந்து முள் எடுத்தார். ஒன்றிரண்டு தவறிப்போயின, அவருக்கும் கண் தெரியவில்லை. அதிர்ச்சி அடங்கவில்லை. ஆனால் எந்த இடத்தில் வலிக்கிறது என்று தேடினால், அது பிறப்பில் இல்லை. எண்பத்தைந்து வயது மனிதர் தனியாக வைத்திருந்த அந்த இரண்டு பட்டினி நாட்களில் இருந்தது.

அன்று மாலை உயிர்ச்சான்றை நிரப்பி முடித்தார். பிறகு குருவி நோட்டை எடுத்தார். பதிவேட்டில் பிழை இருந்தால் எழுதியதை அடிக்காமல் திருத்தத்தை ஓரத்தில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நாலாம் பெட்டிக்கு நேராக ஓரத்தில் எழுதினார்: "சோதனையில் ரத்தம் வேறு எனத் தெரிகிறது. தகப்பன் பெயரில் மாற்றமில்லை." தேதி போட்டுக் கையெழுத்திட்டார். அந்தப் பக்கத்தை நகலெடுத்து ஐதராபாத்துக்கு அனுப்பினார். அலெக்சாந்த்ரா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேட்க அவருக்கும் கூச்சமாக இருந்தது.

அடுத்த ஆண்டு மே மாதம், அப்பாவுக்கு முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. சோப்பு நுரைக் கையோடு எடுத்துப் படித்தார்.

"தோந்தோன், நாலாம் பெட்டிக் குஞ்சு ஒண்ணு கனகசெட்டிக்குளத்துல கூடு கட்டியிருக்கு. மஞ்சள் வளையம், ஆம்பள. போட்டோ அனுப்பியிருக்கேன், வாய் நெறையப் புழு பாருங்க. என் அட்டவணைல இப்ப ரெண்டு கட்டம். ரத்தம்னு ஒண்ணு. அதுல லேப் சொன்னதைப் போட்டேன். தகப்பன்னு ஒண்ணு. அதுல நீங்க ஓரத்துல எழுதினபடியே போட்டுட்டேன்: கப்பொரால்."