கடல்தண்ணீர் விட்ட கஞ்சி

மகன் கடலுக்குக் கொண்டுபோன தூக்குவாளியைக் கழுவும்போது, அடியில் ஒட்டியிருந்த பருக்கையை வாயில் போட்டேன். கரித்தது. அவனுக்கு பிரஷர் இருக்கிறது என்று உப்பே போடாமல்தான் நான் கஞ்சி கொடுத்துவிடுகிறேன்.

என் அய்யாவுக்கும் பிரஷர்தான். அப்போது நான் ஆறாம் வகுப்பு. டாக்டர் சொன்னதிலிருந்து அம்மா உப்பு ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டாள். வீட்டில் கருவாடு சுடும் வாசனைகூட நின்றுபோனது. அய்யா முகம் சுளிக்காமல் கஞ்சியை வாங்கிக்கொள்வார். புதுமடம் கரையில் வள்ளம் ஏறும் முன், கடல்தண்ணீரை ஒரு கை அள்ளி அதில் விட்டுக் கலக்குவார்.

"அய்யா, உப்பு ஆகாதுன்னாகள்ல?"

"ஏத்தா, டாக்டரு சொன்னது கடை உப்பு. இது கடலம்மா குடுக்குறது. உங்காத்தா வைக்கிற கஞ்சிக்கு இதுதான் மருந்து."

அம்மாவிடம் சொன்னேன். "கடத்தண்ணி என்ன செய்யப்போகுது, விடு" என்று அவளும் சிரித்தாள்.

ஒருநாள் அய்யாவை வள்ளத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அந்தக் கையைக் காலையும் மாலையும் மடக்கி நீட்டிவிட ஆள் வேண்டுமென்று என் படிப்பை நிறுத்தினார்கள். எவ்வளவு நீட்டிவிட்டும் அது தோளுக்கு மேல் எழும்பவே இல்லை.

மகனிடம் கேட்டேன். கடல்தண்ணீர் விட்டதை அவன் மறுக்கவில்லை.

"இங்கன பாரும்மா, தெனமும் எக்சசைஸ் பண்றேன். எனக்கு என்ன வரப்போகுது?"

போனைப் பார்த்துக்கொண்டே முற்றத்தில் கைகளை உயர்த்துகிறான். சொல்லி ஓய்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் இரண்டு கையும் ஒரே உயரத்துக்குப் போகிறதா என்று மட்டும் பார்க்கிறேன்.