கோணின வாயோடு ஊதப் போனேன்

போன வருடம் ஒக்டோபர் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, தேத்தண்ணி என் வாயில் நிற்கவில்லை. குடிக்கக் குடிக்க இடப்பக்கத்தால் வழிந்து சட்டையை நனைத்தது. கண்ணாடியில் பார்த்தேன். முகத்தின் ஒரு பாதி தொங்கிப்போய்க் கிடந்தது. இடது கண் மூடவில்லை. வாய் வலப்பக்கம் கோணி நின்றது. அக்காவைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கான் எடுத்தார்கள். மூளையில் ஒன்றுமில்லை, முக நரம்புதான் வீங்கியிருக்கிறது என்றார்கள். குளிசையும் கண்ணுக்கு மருந்தும் தந்தார்கள். பலருக்குச் சரிவரும், எப்போது என்று மட்டும் சொல்ல முடியாது என்றார் டொக்டர். அதுவரை ட்ரம்பெட்டைத் தொடக்கூடாது என்றும் சொன்னார். எனக்கு ஏழு கிழமையில் தேர்வு இருந்தது. அந்த ஒரு சொல்லில் நான் உடைந்துபோனேன்.

என்ன தேர்வு என்று சொல்லிவிடுகிறேன். பெல்ஜியத்தில் ஒரு டிரம் கோர் இருக்கிறது. மேளமும் பித்தளை ஊதுகருவிகளும் மட்டுமே உள்ள குழு. கதிரையில் இருந்து வாசிக்கிற வேலை அங்கே கிடையாது. மைதானத்தில் நடந்து, ஓடி, வரிசை மாறிக்கொண்டே ஊத வேண்டும். வருடா வருடம் போட்டிக்குப் போகிறவர்கள். ட்ரம்பெட் பிரிவில் நாலே இடம் காலி என்று அறிவித்திருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட பாண்டில் ட்ரம்பெட் ஊதினவள். இப்போது பிரெஞ்சுத் தலைநகரில், ரூ காய் என்ற தெருவில் ஒரு சேலைக் கடையில் வேலை. புறநகரான பியர்ஃபித்தில் அக்கா வீட்டில் இருக்கிறேன். இருபத்தொன்பது வயதில் எனக்கென்று ஆசைப்பட்டது இது ஒன்றுதான்.

எங்கள் ஜெபக்கூட்டம் லா சப்பல் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் நடக்கும். ரயில் போகும்போது சன்னல் அதிரும். அந்த வெள்ளிக்கிழமை முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு போனேன். ரீட்டா அன்ரிதான் முதலில் வந்தா. எங்கள் சபையில் தம்புரின் தட்டுகிறவர், வாய்க்குப் பூட்டில்லாதவர்.

"பிள்ளை, நான் சொன்னாக் கோவிப்பாய். குமர்ப்பிள்ளைக்கு உந்த ஊதல் வேண்டாமெண்டு எத்தினை தரம் சொன்னனான். கர்த்தர் வாயைக் கட்டிப்போட்டார். இது எச்சரிப்பு."

"அப்ப உங்கடை சலரோகம் என்ன எச்சரிப்பு அன்ரி?" என்று கேட்டேன். பாதிச் சொல் காற்றாகத்தான் போனது. ஆனாலும் சீனி வியாதிக்காரியான அவவுக்கு விளங்கியது.

இதையும் சொல்ல வேண்டும். அதே ரீட்டா அன்ரிதான் ஒவ்வொரு நாளும் மத்தியானம் ஸ்டாலின்கிராட் மெட்ரோப் பக்கமிருந்து நடந்து வந்து, கடைக்குள் என்னை இருத்தி, கண்ணுக்கு மருந்து விட்டா. எனக்காக வெள்ளிதோறும் உபவாசம் இருந்தா. எச்சரிப்பு என்று சொன்னதை மட்டும் கடைசிவரை திரும்பப் பெறவில்லை.

நானும் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. கடையின் பின்னறையில், சேலைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று சண்டை பிடித்தேன். "பிதாவே" என்று தொடங்கினால் அந்தச் சொல்லே வரவில்லை. உதடு ஒட்டினால்தானே "ப" வரும். காற்றுத்தான் வந்தது. உம்முடைய பெயரைச் சொல்லவும் வாய் இல்லை, பிறகு எதற்காக இந்த வாய் என்று கேட்டேன். நான் வீடு கேட்டேனா, கார் கேட்டேனா? இந்த மூச்சைத் தந்தவர் நீர். இது எச்சரிப்பு என்றால் நேரே என்னிடம் சொல்லும், ரீட்டா அன்ரியிடம் சொல்லி அனுப்பாதேயும் என்றேன். வாயை நீர் பார்த்துக்கொள்ளும், மற்றதை நான் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினேன்.

மற்றது என்றால் கால். டிரம் கோரில் நடை பிசகினால் எவ்வளவு நன்றாக ஊதினாலும் எடுக்க மாட்டார்கள். எங்கள் சபையில் எந்தத் துதிப்பாட்டும் தொடங்கின வேகத்தில் முடிந்ததில்லை. நடையாகத் தொடங்கும், மூன்றாவது சரணத்தில் ஓட்டமாகிவிடும். கைதட்டுக்கு முன்னால் ரீட்டா அன்ரியின் தம்புரின் பாயும். வருடக்கணக்காக இதற்காக நான் அவவோடு சண்டை. இப்போது கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, ஒரே வேகத்தில் டிக் டிக் என்று அடிக்கிற தாளக் கருவியைக் காதில் செருகிக்கொண்டு, பாட்டு ஓட ஓட நான் அதே வேகத்தில் நின்ற இடத்திலேயே கால் மாற்றினேன். முதல் கிழமை ஒவ்வொரு பாட்டிலும் அவர்கள் என்னை இழுத்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் கிழமை என் கால் பிசகாமல் தன் கணக்கில் நடந்தது.

"ஆராதனையிலை என்ன பரேட்டே?" என்று ரீட்டா அன்ரி கேட்டா.

"ஓம் அன்ரி. நீங்கள் ஓடுங்கோ, நான் நடக்கிறன்."

ஆறாம் கிழமை, ஒரு புதன்கிழமை மத்தியானம். அதே பின்னறை. "பிதாவே" என்றேன். "ப" வந்தது. நம்பாமல் திரும்பச் சொன்னேன். உதடு உதட்டோடு ஒட்டிப் பிரிந்தது. அந்தச் சொல்லையே எத்தனை தரம் சொன்னேனோ தெரியாது. சேலைப் பெட்டியில் தலையை வைத்து அழுதேன். முதலாளி வந்து யார் செத்தது என்று கேட்டார்.

முழுச் சுகம் இல்லை. டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாக ஊதலாம் என்றார். இடது கடைவாயால் இன்னும் காற்று ஒழுகியது. அக்கா கட்டிலில் இருந்து என்னைப் பார்த்தாள்.

"அடுத்த வருசம் போவன் நிரோ. உந்த முகத்தோடை போய்ச் சிரிப்புக்கிடமாகப் போறியே?"

"சிரிக்கிறவை சிரிக்கட்டும். என்னாலைதான் இப்ப சிரிக்கேலாது."

ஏழாம் கிழமை, சனிக்கிழமை காலை, கார் து நோர் நிலையத்தில் பெல்ஜியத்துக்கு ரயில் ஏறினேன். தேர்வு மைதானத்தில் அறுபது பேருக்கு மேல் நின்றார்கள். எல்லோரும் என்னைவிட இளையவர்கள். தனியாக ஊதும்போது மேல் சுரத்தில் என் ஓசை உடைந்தது. புள்ளி எழுதிக்கொண்டிருந்தவர் தலை நிமிரவில்லை. சரி, முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. போகச் சொல்லட்டும், அதற்குப் பிறகு போகலாம்.

மத்தியானம் நடைத் தேர்வு. ட்ரம்பெட்டை முகத்துக்கு நேரே உயர்த்தியபடி இருபது பேராக நடக்க வேண்டும். முன்னால் ஒரு பெண் நின்று கையால் தாளம் காட்டினாள். அவளே பிரிவுக்குப் பொறுப்பு. என் கையை மட்டும் பாருங்கள், காதை நம்ப வேண்டாம் என்று பிரெஞ்சில் சொன்னாள். கொஞ்சத் தூரம் போனதும் பின்னால் நின்ற மேளக்காரர்கள் வேண்டுமென்றே வேகத்தைக் கூட்டினார்கள். ஒவ்வொருவராக மேளத்தோடு போனார்கள். எனக்கோ அது வெள்ளிக்கிழமை மூன்றாவது சரணம் மாதிரித்தான் கேட்டது. என் கால் பிசகவில்லை. கடைசியில் அவளுடைய கையோடு நடந்தது மூன்று பேர். அதில் நான் ஒருத்தி.

அவள் கிட்ட வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தாள். வாய்க்கு என்ன என்று கேட்டாள். சொன்னேன். சுகமாகி வருகிறதா என்றாள். வருகிறது என்றேன். தயங்கித் தயங்கிச் சொல்லவில்லை, சத்தியம் பண்ணுகிற மாதிரிச் சொன்னேன்.

பத்து நாளில் கடிதம் வந்தது. மூன்றாம் ட்ரம்பெட், கீழ்ச் சுரங்கள். என்னை எடுத்துவிட்டார்கள். நான் கேட்டது முதலாம் ட்ரம்பெட், மேல் சுரங்கள். கர்த்தரோடு அந்தக் கணக்கை இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன்.

சபையில் எழும்பி நின்று இதைச் சொன்ன அன்று, ரீட்டா அன்ரியின் தம்புரினால்தான் எனக்கு இடம் கிடைத்தது என்றும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவ சிரிக்கவில்லை.

"அதுதான் வாய் சரியாப் போச்சே. இனியெண்டாலும் உந்த ஊதலை விடன் பிள்ளை."

"மூடி வைக்கவோ அன்ரி அவர் திருப்பித் தந்தவர்?"

பிரியமானவர்களே, முன்பெல்லாம் நான் பயந்து பயந்து ஜெபிப்பேன். இப்போது அப்படி இல்லை. உங்கள் துன்பத்துக்கு ஊரார் காரணம் சொல்லுவார்கள். அந்தக் காரணத்தைக் கர்த்தர் வாயிலிருந்து வந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நேரே அவரிடம் போங்கள். அழ வருகிறதா, அழுங்கள். கோபம் வருகிறதா, அதையும் கொண்டுபோங்கள். நான் அவ்வளவு பேசியும் அவர் என்னைத் தள்ளிவிடவில்லை. அவருக்கே நன்றி.

இன்றைக்கும் சிரித்தால் என் வாய் இடப்பக்கம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். படம் எடுக்கும்போது அக்கா மற்றப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லுவாள். நான் திரும்புவதில்லை.