டார்சியின் டிரம்மும் சங்கத்துத் தரையும்

வில்காரா கடற்கரையில் அறுபத்துமூன்றாம் வருஷம் அலைச்சறுக்குப் பாட்டு என்றால் 'அண்டர்டோஸ்' குழுதான். மூன்று கிட்டார், ஒரு டிரம். டிரம் அடித்தவன் டார்சி ஹாலரன். கசாப்புக் கடையில் ஆட்டுக்குடலுக்குள் கொத்துக்கறியைத் திணித்துச் சாசேஜ் செய்கிறவன். சனிக்கிழமைதோறும் கடல்மீட்புச் சங்கத்தின் மரக்கூடத்தில் அவர்கள் வாசிக்க, முந்நூறு பேர் வெறுங்காலால் தரையை உதைத்து ஆடுவார்கள். இடது காலால் இரண்டு உதை, வலது காலால் இரண்டு உதை. ஆட்டமே அவ்வளவுதான். அதற்குப் பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் லாரி ஏறி வந்தார்கள்!

டார்சிக்குத் தலைகால் புரியவில்லை. சிட்னி ரெக்கார்டு கம்பெனிக்காரர் ஒருவர் கேட்க வருவதாகச் சொன்னதும், "இனி சாசேஜை நீங்களே திணிச்சுக்கங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டான். தேறினால் டிரம், தேறாவிட்டால் மறுபடி ஆட்டுக்குடல்.

அவர் வருவதற்கு முந்தின வாரம் பார்த்தா இப்படி நடக்க வேண்டும்? சங்கத் தலைவர் பிரின்ட் ஆட்டத்துக்கு நடுவே போய், "மெதுவா உதைங்கடா!" என்று கோபத்தில் தானே ஓர் உதை உதைத்தார். தரை பிளந்தது. கூடத்துக்கு அடியில் நிறுத்தியிருந்த மீட்புப் படகில் போய் உட்கார்ந்தவர், அங்கிருந்தே கத்தினார்: "ஒரு பய இனி உள்ள கால் வைக்கக் கூடாது! மணல்ல போய் வாசிங்கடா!"

"கடல் பாட்டக் கடல்கிட்டயே வாசிப்போம், மச்சான்" என்றான் கிட்டார்க்காரன் லென்.

கம்பெனிக்காரர் வந்தார். டார்சி குச்சியைத் தூக்கினான். முந்நூறு பேர் மணலை உதைத்தார்கள். சத்தமே இல்லை. முதன்முறையாக ஊர் டார்சியின் டிரம்மைக் கேட்டது. அடப்பாவி! ஓர் அடி முந்தி, அடுத்தது பிந்தி, நடுவில் ஒன்றைக் காணவே காணோம்.

"ஏம்ப்பா, எப்பவும் இப்படித்தான் அடிப்பியா?" என்று கணுக்கால்வரை புதைந்திருந்த ஒருத்தி நிஜமாகவே கேட்டாள்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே இத்தனை நாளும் டிரம் அடித்ததே கூடம்தான்! கம்பெனிக்காரர் ஷூவிலிருந்த மணலைக் கொட்டிவிட்டு, "அந்தத் தரை எங்கய்யா இருக்கு?" என்றார்.

அவரே தன் செலவில் தரையைச் செப்பனிட்டுத் தர, பிரின்டும் தடையை விட்டார். சிட்னியிலிருந்து வாசிப்பவர்களைக் கூட்டி வந்தார். உதைப்பதற்கு ஊர் ஜனம் கூடியது. வெட்கத்தை விட்டு டார்சியும் கூட்டத்தில் நின்றான். ஒலிப்பதிவு தொடங்கியது; உடனே நின்றது.

"யாரோ ஒருத்தர் தப்பா உதைக்கிறீங்க" என்றார் கம்பெனிக்காரர்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த மரியாதைதான் டார்சியைக் கொன்றது. தானாகவே வெளியே போய்ச் சுவரோரம் நின்றான். உள்ளே தரை அதிரத் தொடங்கியது. ஓர் அடி பிசகவில்லை.

"எவ்வளவு நல்லா இருக்கு!" என்று சொல்லி அழுதான்.