ஓபெரெக்கை நான் வேகப்படுத்திய கல்யாணம்

பிள்ளைகளே, அந்த சாக்ஸபோன்காரனை நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

நீங்கள் பிறப்பதற்கு முன், எண்பதுகளில், நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருந்த பகுதி முழுக்கப் போலந்துக்காரர்கள். அவர்களில் என்னோடு ஃபாக்டரியில் வேலை பார்த்த ஒருவர், தங்கள் நாட்டுப்புறப் பாட்டையும் ஜாஸையும் கலந்து வாசிக்கும் குழு வைத்திருந்தார். அவர் கையில் வயலின். ஊரில் மாதா கோவில் பூசைக்கு நான் தபேலா வாசித்தவன் என்று தெரிந்ததும் என்னையும் சேர்த்துக்கொண்டார். வாரமெல்லாம் மெஷின் முன்னால் நின்ற எனக்கு, அந்த மேடையில்தான் ஒரு ஆள் என்ற மரியாதை கிடைத்தது.

அதே குழுவில் இருந்த சாக்ஸபோன்காரனுக்கு அது பொறுக்கவில்லை. சர்ச் ஹாலில் ஒத்திகையின்போது நான் தொடையில் தாளம் போட்டு எண்ணுவதைப் பார்த்தான். எல்லாரும் கேட்க இங்கிலீஷில் கத்தினான். தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்:

"ஈ அடிக்கிறான் பாருங்க! டப்பாவத் தட்டுனா ஜாஸ் ஆயிடுமா? ஒண்ணு இவன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

உங்கள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் எல்லாரும் சிரித்தார்கள். வயலின்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை கல்யாணத்துல வாசிக்கட்டும். அப்புறம் முடிவு பண்ணலாம்" என்றார்.

காரில் அம்மா சொன்னாள்: "விட்டுடுங்க. நமக்கு எதுக்குங்க இந்த டென்ஷன்?"

"அவன மேடையிலயே உக்கார வைக்காம விடமாட்டேன்."

"மொதல்ல ரோட்டப் பாத்து டிரைவ் பண்ணுங்க."

கல்யாணத்தில் ஓபெரெக் வந்தது. மூன்று தட்டுத் தாளத்தில் சுழன்று சுழன்று ஆடும் நடனம் அது. ஆடுகிறவர் காலை ஓங்கி மிதித்தால் நாங்கள் வேகம் கூட்ட வேண்டும். மணப்பெண் ஆடும்போது பாதியில் நிறுத்தினால் அவளுக்கு அவமரியாதை. அந்தப் பாட்டில் மெட்டை யாருக்கும் விட்டுத்தராமல் சாக்ஸபோன்காரனே ஊதுவான். வயலினுக்கும் தபேலாவுக்கும் மூச்சு வேண்டாம். அவனுக்கு வேண்டும்.

மாப்பிள்ளை மிதித்தார், கூட்டினேன். மறுபடி மிதித்தார், கேட்டதற்கு மேலேயே கூட்டினேன். மெதுவாகப் போ என்று அவன் தலையை ஆட்டினான். நான் மணப்பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் இன்னும், இன்னும் என்று கத்தியது. அவன் கழுத்து நரம்பு புடைத்தது; முகம் பீட்ரூட்டாகிவிட்டது. சாக்ஸபோன் கீச்சென்று கத்தி அடங்க, அவன் நாற்காலியில் சரிந்தான். வயலின்காரர் மெட்டை அப்படியே எடுத்துக்கொண்டார். பெண் இன்னும் சுழன்றுகொண்டிருந்தாள். விரல் வீங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை.

முடிந்ததும் வயலின்காரர் அவனிடம், "அடுத்த வாரமும் தபேலா இருக்கும். நீ வர்றியா?" என்று கேட்டார்.

அவன் என்னிடம் வந்து கை நீட்டினான். என் இரண்டு கையும் ஐஸ் வாளிக்குள் இருந்தன. எடுத்துக் கொடுத்திருக்கலாம் என்று அம்மா இன்றும் சொல்கிறாள்.

நான் எடுக்கவில்லை. "தேங்க் யூ" என்று மட்டும் சொன்னேன். அவன் கை அப்படியே கொஞ்ச நேரம் நீண்டிருந்தது.